குறை நினைவாற்றலிலா?

பத்தாம் வகுப்பு மாணவி

“எவ்வளவு படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை” என்று நம்மில் பலர் வருந்துவதுண்டு. குறை பெரும்பாலும் நினைவாற்றலில் இல்லை, பாடத்தை அடுக்கும் முறையில்தான் உள்ளது என்பது என் கருத்து.

கேட்டவுடன் திருப்பிச் சொல்ல மனம் தாங்குவது ஏறத்தாழ ஏழு கூறுகளே என்று 1956-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதனை நான்காகக் குறைத்தார். ஆனால் பல சேர்ந்த தொகுதியும் ஒரே கூறாகவே கணக்காகும். 636001 என்பது ஆறு எண்கள். 636-ஐ நாள்தோறும் காணும் சேலத்து மாணவிக்கோ அது 636, 001 என இரண்டே சுமை!

துவரை, கடுகு, உளுந்து, மிளகு, பாசிப்பயறு, சீரகம் என்று கலந்து சொன்னால் கடைக்குப் போகும் தம்பி ஒன்றையாவது மறப்பான். பருப்பு மூன்று, அஞ்சறைப் பெட்டிக்கு மூன்று என்றால் மறப்பது அரிது. பதினெட்டு மெய்யெழுத்துகளை இலக்கணத்தார் ஒலி பற்றி வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறாறாய் வகுத்தனர். அவ்வகுப்பே நம் நினைவுக்கும் துணையாயிற்று.

அப்படியிருக்க, பதினைந்து காரணங்களை வகுக்காமல் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்பிக்கத் தடுமாறும் பெண்ணை ‘மக்கு’ என்பது நியாயமா? அச்சொல்லை நம்பிப் படிப்பையே வெறுப்பவர் உண்டே!

இது குறுக்குவழி என்பார் சிலர். அன்று. எது எதனோடு சேரும் என்று ஆராய்பவள் பாடத்தைப் புரிந்தும் கொள்கிறாள். ஆகவே தோழியரே, மனப்பாடம் செய்யுமுன் வகுத்துப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களும் வகுத்தே கற்பிக்க வேண்டுகிறேன்.