குடத்திலே கணக்குக் கேட்போம்!

வெள்ளம் வடிந்தது, ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. ஆபத்தின் இரண்டாம் பாகம் அப்போதுதான் தொடங்குகிறது என்கிறோம் நாம்.

1956 நவம்பரில் மருதையாற்றுப் பெருக்கு, ஓடும் ரயிலையே கவிழ்த்த மண் அரியலூர். 2018 ஆகஸ்டில் முக்கொம்பிலே கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. கொள்ளிடம் பொங்கினால் கரையோரத்துக் கிணறும் குழாயும் மூழ்கும். சாக்கடையும் குடிநீரும் ஒன்றாகும். கொள்ளிடக் கூட்டுக் குடிநீரை நம்பும் பெரம்பலூருக்கும் அந்தக் கவலையில் பங்குண்டு. காலராவும் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் நுழையும் வாசல் அது.

வாசலை அடைக்கும் கதவு எது? குளோரின்! 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகையிலும் கடலூரிலும் பெருங்கொள்ளைநோய் மூளவில்லை. தண்ணீரில் குளோரின் கலந்த தொழிலாளரின் கைகளுக்கு அந்தப் பெருமையில் பங்குண்டு.

ஆனால் தோழர்களே, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினோம் என்று ஏட்டிலே எழுதிவிட்டால் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றினால் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வீரியம் குளோரின். மூட்டை பிரிந்து காற்றிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் குளோரின் பறந்துவிடும்; எஞ்சுவது வெறும் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கா அரியலூரில் பஞ்சம்?

கலங்கிய நீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் நீரைத் தெளியவைக்க வேண்டும். பவுடர் கலந்தபின் அரைமணி நேரமாவது விடவேண்டும். அதன் பிறகும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சி நின்றால்தான் காவல்.

எங்கே நிற்கவேண்டும்? தொட்டியிலா? குழாயிலா? குடத்திலே! 2013-இல் தென் சூடானின் அகதி முகாம்களில் ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான். குழாயடியில் இருந்த குளோரின், குடிசையில் வைத்த பாத்திரத்திலே மணிக்கணக்கில் மறைந்தது. ஆகவே குழாயடியிலேயே 1 மில்லிகிராம் வேண்டுமென்று அவர்கள் சொன்னார்கள். நம் ஊர் வெயில் மட்டும் இளைத்ததா?

எனவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு ஊராட்சியிலும் குளோரின் அளக்கும் கருவி இருக்கட்டும். வெள்ளக் காலத்திலே கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குடத்தில் நாள்தோறும் அளந்து, அளவை ஊர்ப் பலகையில் எழுதட்டும். தொட்டி ஏறும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் நியாயமான கூலியும் கிடைக்கட்டும். ஊரின் உயிரைக் காப்பவன் அரை வயிற்றோடு ஏணி ஏறுவதா?

கோடிகள் கேட்கவில்லை நாம், கணக்குக் கேட்கிறோம். மழைக்கு முன்பே உங்கள் ஊராட்சிக்குச் செல்லுங்கள், தோழர்களே. மூட்டை எப்போது வந்தது, கருவி எங்கே, அளந்தவர் யார் என்று கேளுங்கள். நோய் வந்தபின் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைவிட, வருமுன் அலுவலக வாசலில் நிற்பது மேல்!