ஸ்மார்ட் போர்டு வாங்கி விட்டோம், ஆசிரியரைக் கவனித்தோமா?



உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு திறப்பு விழா நடந்திருக்கும். நீங்களும் போயிருப்பீர்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் பணம் அனுப்பியிருப்பார்கள். கடைத்தெருவில் வசூல் நடந்திருக்கும். பொன்னாடை, பிரியாணி, போட்டோ எல்லாம் சிறப்பாக முடிந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தீர்களா?

நான் போய்ப் பார்த்தேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பலகையின் மேல் பூப்போட்ட துணி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. தூசு படாமல் இருக்கவாம்! அதற்குப் பக்கத்திலேயே பழைய கரும்பலகையில் ஆசிரியை ஒருவர் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார். "ஏம்மா, இதைப் பயன்படுத்துவதில்லையா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஹஜ்ரத், நான் தொட்டு ஏதாவது ஆகி விட்டால் யார் பதில் சொல்வது? போன தடவை படம் வராமல் பத்து நிமிஷம் நின்றேன். பிள்ளைகள் சிரித்து விட்டார்கள். அதோடு விட்டு விட்டேன்." கம்பெனிக்காரர் ஒரு நாள் வந்து, இரண்டு மணி நேரம் மளமளவென்று எல்லாவற்றையும் காட்டி விட்டுப் போனாராம். அது தான் பயிற்சி!

இப்போது சொல்லுங்கள், தவறு யாருடையது? "இந்த டீச்சர்களுக்கு ஆர்வமே இல்லை" என்று நம் நிர்வாகிகள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சகோதரிக்கு ஆர்வம் இருக்கிறது. இல்லாதது துணிச்சல். நாற்பது பிள்ளைகள் முன்னால் தோற்று நிற்கும் பயம் எத்தகையது என்பது மேடையில் மைக் பிடித்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வியாபாரிகளான உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்த போது நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? ஒரு நாள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு விட்டு மறுநாளே பில் போட்டு விட்டீர்களா? இல்லை. பக்கத்துக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுகிறார் என்று எட்டிப் பார்த்தீர்கள். தப்பாக ஏற்றினீர்கள். ஆடிட்டரிடம் திட்டு வாங்கினீர்கள். திரும்ப ஏற்றினீர்கள். நாலைந்து மாதத்தில் கை பழகி விட்டது. இன்று அதைப் பற்றிக் கடைப் பையனுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்த அந்த நாலைந்து மாதத்தை ஆசிரியைக்கு ஏன் கொடுக்க மறுக்கிறீர்கள்?

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977லேயே இதை எழுதி விட்டார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? தானே செய்து வெற்றி கண்ட அனுபவத்திலிருந்து தான் மிக அதிகமாக வருகிறது என்றார். அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது. யாரோ வந்து "உங்களால் முடியும்" என்று உற்சாகமூட்டிப் பேசுவதற்கு அதை விடக் குறைந்த பலன் தான். நாமோ பேச்சை மட்டும் ஏற்பாடு செய்கிறோம்!

ஆசிரியர் பயிற்சியையே ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் மட்டும் போதாது. ஆசிரியர் தன் வகுப்பில் அதைச் செய்து பார்க்கும் போது சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து கை கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பயிற்சியில் கற்றது வகுப்பறைக்குள் வந்து சேருவது அபூர்வம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்வோமே, தக்ரார், அது வேறென்ன? உஸ்தாத் முன்னால் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை அங்கே தான் கேட்போம்.

கருவியை வாங்கி விட்டால் கல்வி வந்து விடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கியது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012ல் வெளிவந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை! பெட்டி போய்ச் சேர்ந்தது. அதைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்ற வழிகாட்டல் ஆசிரியருக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2017ல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018ல் தான் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்த வருடங்களைக் கவனியுங்கள்! வகுப்புக்கு வகுப்பு புரொஜக்டர் மாட்டுவதற்கு முன்னால் பல வருடங்கள் ஆசிரியர்களைப் பழக்கியிருக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர் யார்? வெளியிலிருந்து வந்த கம்பெனிக்காரர் அல்லர். வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்த ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக ஆக்கினார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரை இதற்கென்றே பொறுப்பாளராக வைத்தார்கள். படம் வரவில்லையா? கூப்பிட்ட குரலுக்கு அடுத்த வகுப்பிலிருந்து ஓர் ஆள் வருவார்.

இன்னொன்றும் செய்தார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, காசில்லாமல் யாரும் எடுத்துக் கொள்ளக் கூடிய சுதந்திர மென்பொருளுக்கு மாறினார்கள். லைசென்ஸ் கவலையே இல்லாமல் பள்ளியில் உள்ளதை ஆசிரியை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொள்ளலாம். ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் கோணங்கள் மாறுவதையும், கூட்டினால் 180 பாகை மட்டும் மாறாமல் நிற்பதையும் இரவு பத்து மணிக்குத் தன் வீட்டில் நாலு முறை செய்து பார்த்தவர், காலையில் வகுப்பில் ஏன் பயப்படப் போகிறார்? 2018ல் மாணவர்களுக்கு 'லிட்டில் கைட்ஸ்' என்ற மன்றம் வைத்து, கருவிகளைப் பராமரிப்பதில் பிள்ளைகளையே துணைக்குச் சேர்த்தார்கள். சிரித்த பிள்ளையே வந்து வயரைச் சரி செய்து கொடுக்கிறான்!

செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் இரைச்சலாக இருக்கிறதே, அதற்கும் 2024 மே மாதத்திலிருந்து 80,000 ஆசிரியர்களுக்கு மூன்று நாள் நேரடிப் பயிற்சியைத் தொடங்கி விட்டார்கள்.

"அது அரசாங்கம், நம்மால் முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியும். நான் சொல்வதில் பெரும்பகுதிக்குப் பணமே தேவை இல்லை, நேரம் தான் தேவை. அங்கே தான் நம் நிர்வாகங்களின் வண்டவாளம் தெரிகிறது. பத்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு ஒரு நாளைக்கு ஏழு பீரியடும் வகுப்பெடுக்கும் ஆசிரியையை ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்கிறோம். அவருக்கு வீடு இல்லையா? பிள்ளை குட்டி இல்லையா? இப்படி வந்து உட்காருபவர் எதைக் கற்றுக் கொள்வார்?

2020ல் ஒன்றிய அரசு கொண்டு வந்த கல்விக் கொள்கையில் நமக்குப் பல மறுப்புகள் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில் பயிற்சி பெற வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதை மறுக்க என்ன இருக்கிறது? வாரத்துக்கு இரண்டு பீரியடை ஒதுக்கினாலே இந்தக் கணக்கு நிறைந்து விடும்.

தாளாளர் ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். "பயிற்சி கொடுத்தால் அடுத்த பள்ளிக்குப் போய் விடுவார்கள் ஹஜ்ரத்." நான் கேட்டேன், "பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, அப்போது போகாமல் இருந்தார்களா?" பதில் இல்லை. ஒருவருக்கு மட்டும் கற்றுக் கொடுத்தால் அவரோடு வித்தையும் போய் விடும். ஐந்து பேர் சேர்ந்து கற்றால் ஒருவர் போனாலும் நான்கு பேர் இருப்பார்கள். போகிறவரும் எங்கேயோ ஒரு பிள்ளைக்குத் தான் சொல்லிக் கொடுக்கப் போகிறார்.

எனவே, பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களே! அடுத்த பலகைக்கு வசூல் கிளம்பும் முன் இருக்கும் பலகையின் துணியை எடுங்கள். "உடைந்தால் நிர்வாகம் பார்த்துக் கொள்ளும்" என்று ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். நன்றாகக் கை பழகிய ஓர் ஆசிரியையைப் பொறுப்பாக்கி, அவருடைய வகுப்புகளைக் குறைத்து, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கூடக் கொடுங்கள். ஆய்வு, அதிகாரி, மதிப்பெண் எதுவும் இல்லாமல், காலி வகுப்பறையில் அவர்கள் தங்களுக்குள் தப்புத் தப்பாகச் செய்து பழகட்டும். முதல் மாதம் ஒரு ஆசிரியை, ஒரு பாடம், ஒரு படம் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018லிருந்து க்யூஆர் குறியீடு அச்சாகி வருகிறது. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வருகிறது, காசு கிடையாது. உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் படித்து விட்டு மாலையில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. வாரம் ஒரு நாள் பள்ளி முடியும் நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். மவுஸை நீங்கள் பிடுங்கிச் செய்து காட்டாதீர்கள். அந்த அவசரக் குணத்தால் தான் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்று வரை செல்போனில் பணம் அனுப்பப் பயப்படுகிறார்கள். ஆசிரியையின் கையிலேயே மவுஸ் இருக்கட்டும். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

நான் பார்த்த அந்தப் பள்ளியில் அடுத்த கல்வி ஆண்டுக்கு இன்னும் இரண்டு பலகைகள் வாங்கப் போகிறார்களாம். நன்கொடை கேட்டு உங்கள் கடைக்கும் வருவார்கள். கொடுங்கள். கொடுப்பதற்கு முன், முதல் பலகையில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.