குடியுரிமை தந்தீர், குடியிருக்கக் காணி எங்கே?

பொல்பிட்டிய மின்நிலையம் 1969ஆம் ஆண்டு எழுந்தது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் தேயிலை மலைகளினூடே படிப்படியாய் இறங்கி வந்து அதனை இயக்குகிறது. மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே நீரின் கீழ் அடங்கின. நீர் வற்றினால் மூன்றும் ஒருங்கே தலைகாட்டும். நாட்டுக்கு விளக்கேற்ற எல்லாரும் இழந்த நிலம் அது. ஆயினும் அம்மலையைப் பொன்விளையச் செய்த தொழிலாளிக்கு நாடு சூட்டிய பெயர் யாது? அந்நியன்!

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் உயிர்களைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாய்ப் பிரித்தனர். சந்தையில் மாடு வாங்குபவனும் அதன் முகம் பார்த்தே விலை பேசுவான். இங்கே முகம் பார்த்தவர் எவர்?

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் என்னும் இழிவைத் துடைக்க முனைந்தது. நன்று. ஆனால் வாக்குச் சீட்டு மட்டுமே குடியுரிமை ஆகுமா? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. ஆள்வோர் மாறினர், லயம் மாறவில்லை. குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்றார்கள். பெற்றவர் சிலர், காத்திருப்போர் பலர்.

"சிங்களக் கிராமத்தவனின் நிலமன்றோ அது?" என்பார் உளர். கண்டி விவசாயியின் நிலத்தை முடிக்குரியதாக்கியது 1840ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டம். அதனை எழுதியது கூலியின் கையன்று. பறிகொடுத்தவனும் பாடுபட்டவனும் ஒருவரையொருவர் பகைப்பதால் இலாபம் எவருக்கு?

வடக்கு, கிழக்கின் உழவர் பெருமக்களே! காணி உறுதியின் அருமையை நீங்கள் அறிவீர்கள். அரைப் பரப்பு எல்லைக்கும் நீதிமன்றம் ஏறுவோர் நாம். கற்றறிந்த அன்பர்களே! நீங்கள் படிக்கும் விளக்கின் ஒளியில் அம்மலை நீரும் கலந்திருக்கிறது. 1949இல் அம்மக்களுக்கு எதிரான மசோதாவுக்குத் தமிழ்த் தலைவர்களிலேயே சிலர் துணைநின்றனர். செல்வநாயகம் எதிர்த்து நின்றார். அப்பழி நம் வீட்டுப் பழியுமாகும். மௌனத்தால் அது தீராது.

எம் கோரிக்கை சலுகையன்று. உழைத்த மண்ணில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பெயரில் உறுதியுடன் கூடிய காணி வேண்டும். காலூன்ற நிலம் தராமல் "நாம் ஒரே நாட்டவர்" என்று முழங்குவது வெற்றுச் சொல்லே. விகாரையும் கோவிலும் பள்ளிவாசலும் நீரடியில் மட்டுந்தான் ஒன்றாயிருக்க வேண்டுமா? நிலத்தின் மேலும் இருக்கட்டும்!