சாவியை வாங்குமுன்

தம்பி! பயிற்சிப் பள்ளியில் பழகினாய், கனரக வாகன உரிமமும் பெற்றாய். நாளை நாமக்கல்லில் முதல் லாரி ஏறப்போகிறாய். மகிழ்ச்சி! டயரைத் தட்டிப் பார்ப்பாய், பிரேக்கை மிதித்துப் பார்ப்பாய். போதுமா? போதாது!

"ஏற்றிய பாரம் எத்தனை டன்?" என்று கேள்! அளவு மீறினால் 20,000 ரூபாய் தண்டம் என்கிறது 2019-இல் திருத்திய சட்டம். ஓட்டவைத்தவர் மட்டுமல்ல, ஓட்டியவனும் குற்றவாளி!

இரவெல்லாம் ஓட்டு என்பார்கள். நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா?

ஒருவன் மறுத்தால் வேலை போகும். ஊரே மறுத்தால் பாரம் இறங்கும்! ஆகவே, சாவியை வாங்குமுன் சங்கத்தில் சேர். ஸ்டியரிங் பிடிக்கக் கற்ற கை, "முடியாது" என்று உயரவும் கற்கட்டும்!