பெருங்கோப்பெண்டும் இருபது விநாடியும்

"கணவன் இறந்ததும் தீப்பாய்ந்த சங்கப் பெண்பாற் புலவர் யார்?" திரையில் கேள்வி வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு கட்டங்கள்: ஔவையார், வெள்ளிவீதியார், பெருங்கோப்பெண்டு, பாரி மகளிர். என் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மூன்றே விநாடியில் அழுத்தினாள். விரைவாக அழுத்தினால் கூடுதல் மதிப்பெண். இசை முழங்கியது, அவள் பெயர் பட்டியலின் உச்சிக்கு ஏறியது, வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. முந்தைய இரவு பத்தரை மணிக்கு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கஹூட்டில் யாரோ போட்டுவைத்திருந்த கேள்விகளைத் தேடிப் பதினைந்தைப் பொறுக்கிச் சேர்த்தேன். ஏழு நிமிட வேலை. மறுநாள் பதிவேட்டில் 'தொழில்நுட்பம்வழிக் கற்பித்தல்' என்ற பத்தியில் ஒரு டிக்.

விடை சரி. பாட்டு எங்கே போனது? புறநானூற்றின் 246ஆம் பாட்டில் அந்த அரசி தீயைப் புகழவில்லை. 'போ' என்று சொல்லாமல் 'வேண்டாம், நில்' என்று தடுக்கும் சான்றோரைப் பார்த்துச் சண்டை போடுகிறாள். என்னை எதற்காக நிறுத்துகிறீர்கள், எந்த வாழ்க்கைக்காக என்று கேட்கிறாள். அந்த வாழ்க்கை என்ன என்பதற்குப் பட்டியலே தருகிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாத பருக்கைக்கல் படுக்கை. இதற்குத் தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றே என்கிறாள். கைம்மை நோன்பின் சாப்பாட்டுத் தட்டையும் படுக்கையையும் ஒரு பெண்ணே எழுதிவைத்த சாட்சியம் அது. கேள்விக் களஞ்சியம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 'தீப்பாய்ந்தவள்' என்பதை மட்டும். அவள் பேச்சு போய்விட்டது, எரிந்தது மிஞ்சியது. கற்புக்கரசிகளின் வரிசையில் இன்னொரு பொம்மை. பெருங்கோப்பெண்டு என்பது அவள் பெயரும் இல்லை. பட்டத்தரசி என்று பொருள்படும் பதவிப்பெயர் அது. பூதப்பாண்டியனின் மனைவி என்று தெரியும். அவளை அவள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது.

அடுத்த வாரம் மனது கேட்காமல் அந்தப் பாட்டை முழுதாக நடத்தினேன். முடிந்ததும் முதலிடம் பிடித்த அதே பெண் என் மேசைக்கு வந்தாள். "மேம், எங்கப்பா இறந்து மூணு வருஷமாச்சு. எங்கம்மா ஒரு கல்யாணத்துக்கும் வர்றதில்ல. வந்தாலும் பின்னாடி பந்தியிலதான் உக்காருவாங்க. இந்தப் பாட்ட அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் அவ்ளோ வேகமா அழுத்தியிருக்க மாட்டேன்" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. எனக்குத்தான் சுட்டது.

இதைச் சொன்னால் சக ஆசிரியைகள் கேட்பார்கள்: நேரம் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவமும் இல்லாமல் பணி நிரந்தரமும் இல்லாமல் உழைக்கும் பெண்களிடம் போய், இரவெல்லாம் விழித்துக் கேள்வி தயாரியுங்கள் என்று உபதேசம் செய்ய நான் யார்? கடையில் மாவு வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்றவர்களிடம் மல்லுக்கட்டியவள் நான். கிரைண்டர் முன்னால் போன மணிக்கணக்கைத் திருப்பித் தந்தது அந்த மாவுப் பாக்கெட். ஆனால் மாவு யார் அரைத்தாலும் இட்லி இட்லிதான். கேள்வி அப்படியில்லை. எதைக் கேட்பது என்று தீர்மானிப்பவர்தான் எது அறிவு என்று தீர்மானிக்கிறார். எனக்கு நேரமில்லாத இடத்தில் இன்னொருவரின் கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அது யாருடைய கண்? தமிழில் கிடைக்கும் இந்தத் தொகுப்புகளைக் கொஞ்சம் புரட்டினாலே தெரியும், பெரும்பாலும் போட்டித்தேர்வு வழிகாட்டிகளின் வாசனை. ஒருவர் போட்டதை இன்னொருவர் நகலெடுக்கிறார், அந்த நகலும் பொதுவில் போய்ச் சேர்கிறது. பிழையும் கூடவே குட்டிபோடுகிறது. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒரே ஔவையார் என்று எத்தனை கேள்விகள்! நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்த வெவ்வேறு பெண்கள் சேர்ந்து ஒரே கிழவியாகிவிட்டார்கள். கோலும் நரைமுடியும் போதும், யாராயிருந்தால் என்ன?

பெண்கள் இந்தக் களஞ்சியத்தில் இல்லாமலில்லை. இருக்கிறார்கள், 'முதல்' ஆகவோ 'மனைவி' ஆகவோ. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், கோவலனின் மனைவி, மாதவியின் மகள். முத்துலட்சுமி ரெட்டி அங்கே 'முதல்'. தேவதாசி முறைக்கு எதிராக அவர் யாரோடெல்லாம் வாதாட வேண்டியிருந்தது என்பது கேள்வியில்லை. பொட்டுக்கட்டும் குலத்திலிருந்தே வந்து 1936இல் அதைப்பற்றி நாவல் எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒரு திட்டத்தின் பெயராக மட்டும் வருகிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். ஆம், இரண்டு மதிப்பெண். முத்துப்பழனி என்ற தெலுங்குக் கவியின் 'ராதிகா சாந்தவனம்' நூலை 1910இல் அவர் பதிப்பித்ததும், ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு அதைத் தடைசெய்ததும், கோயில் கட்டிய கையும் அந்தக் கைதான் என்பதும் நான்கு கட்டங்களுக்குள் அடங்காது. பக்தை நகர்ந்து வந்துவிட்டாள், பதிப்பாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நன்னூல் வினாவை ஆறு வகை என்கிறது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்தவர் தெரியாதவரைச் சோதிப்பது அறிவினா. களஞ்சியம் முழுக்க அது ஒன்றுதான். ஐயப்பட்டுக் கேட்பதற்கும் அறியாமல் கேட்பதற்கும் அங்கே இடமில்லை. விடைக்கும் எட்டு வகை உண்டு, அதில் ஒன்று வினாவுக்கு எதிர்வினா கேட்பது. அந்தப் பொத்தானை எந்தச் செயலியும் இன்னும் வைக்கவில்லை. வீட்டில் எதிர்கேள்வி கேட்டதற்கு 'வாயாடி' பட்டம் வாங்கி வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு, வகுப்பிலும் அதே பாடம்தான்: கொடுத்த நாலில் ஒன்றைச் சீக்கிரம் தேர்ந்தெடு. மாப்பிள்ளை பார்ப்பதிலும் பெரும்பாலும் இவ்வளவுதான் கிடைக்கிறது. அங்கே நான்குகூட இல்லை.

விளையாட்டு எனக்குப் பகையில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரத்தில் தூங்கி வழியும் வகுப்பு அந்த இசைக்கு எழுந்து உட்காருவதை நானும் ரசிக்கிறேன். ஆகவே விளையாட்டை விடவில்லை, களஞ்சியத்தைத்தான் மூடினேன். இப்போது ஒரு வாரம் பாட்டு, மறுவாரம் மாணவிகளே கேள்வி. குழுவுக்கு இரண்டு கேள்விகள் போதும். எனக்கு வேலையும் குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவர்களும் 'இதன் ஆசிரியர் யார்' என்றே எழுதினார்கள். பழக்கம் விடுமா? மூன்றாவது வாரத்தில் ஒரு குழு, தன் பாட்டில் வெள்ளிவீதியாரின் பெயரைச் சொல்லும் இன்னொரு பெண்பாற் புலவர் யார் என்று கேட்டது. விடை ஔவையார், அகநானூறு 147. நெல்லிக்கனி ஔவையை மட்டும் அறிந்திருந்த வகுப்பு, ஒருத்தி இன்னொருத்தியின் துயரத்தைத் தன் துயரத்துக்கு உவமையாக எடுத்த அந்த இடத்தில் சற்று நேரம் பேச்சற்று இருந்தது. இருபது விநாடி போதவில்லை, கடிகாரத்தை நிறுத்திவைத்தேன்.

மூன்று விநாடியில் அழுத்திய அந்தப் பெண்ணின் குழு எழுதியது இது: "பெருங்கோப்பெண்டைத் தடுத்த சான்றோர், அவள் நின்றிருந்தால் அவளுக்கு என்ன சோறு போட்டிருப்பார்கள்?" நான்கு கட்டங்களையும் நிரப்பினார்கள். பிழிந்த சோறு, எள் துவையல், வேளைக்கீரை. நான்காவதில், 'எல்லோருக்கும் போட்டதையே'. சேமிக்கப் போனால் சரியான விடையைக் குறியுங்கள் என்று செயலி மறித்தது. எதைக் குறிப்பது என்று குழுவுக்குள் சண்டை. மணி அடித்துவிட்டது. வரைவுகளில் அப்படியே கிடக்கிறது, வியாழக்கிழமை மறுபடி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.