ஊரைக் கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே?

அமெரிக்காவின் வட எல்லையில் ஒரு மாநிலம். பெயர், வடக்கு டகோட்டா. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. கோதுமை விளையும் பூமி. மரம் குறைவு, காற்று அதிகம். குளிர் காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும். கோடையில் விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1889-ம் ஆண்டில் இது தனி மாநிலம் ஆயிற்று. அந்த வருஷம், மாநிலத்துக்குச் சட்டம் எழுதக் கூடிய சபையில் ஜான் வெஸ்லி பவல் என்பவர் பேசினார். அவர் அரசாங்க நில ஆய்வுத் துறையின் தலைவர். போரில் ஒரு கையை இழந்தவர்.

"கிழக்கே மழை போதும். மேற்கே போதாது. நடுவில் இருப்பவர்கள்தான் ஏமாறுவார்கள். சில வருஷம் பெய்யும், சில வருஷம் பொய்க்கும்" என்ற கருத்தில் அவர் எச்சரித்தார். தண்ணீரைத் தனியார் கையில் விடக்கூடாது என்பதும் அவர் கருத்து.

அவர் சொன்னபடியே நடந்தது. 1930-க்குப் பிறகு மழை பொய்த்தது. மண் புழுதியாகப் பறந்தது. குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள்.

இத்தனைக்கும் மாநிலத்தின் நடுவே மிசௌரி என்னும் பெரிய ஆறு ஓடுகிறது! "அதைத் தேக்கி வயலுக்குக் கொடுங்கள்" என்று மக்கள் கேட்டதில் தவறு இல்லை.

வெள்ளம் வந்தது, திட்டமும் வந்தது

1943-ல் மிசௌரியில் பெருவெள்ளம். கீழே உள்ள மாநிலங்களில் ஊர்கள் மூழ்கின. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. கீழே உள்ளவர்களுக்கு வெள்ளம் வரக்கூடாது. அவர்களுடைய படகுகள் ஓட வேண்டும். மேலே உள்ள வடக்கு டகோட்டாவில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைக்கும். இதுதான் பேச்சு.

காரிசன் என்ற இடத்தில் மண் அணை எழுந்தது. நீளம் 2 மைலுக்கு மேல். உயரம் 210 அடி. 1953-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் நேரில் வந்து விழா நடத்தினார். அணைக்குப் பின்னால் 178 மைல் நீளத்துக்கு ஏரி நிரம்பியது.

அந்த ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறது?

அழுதபடி கையெழுத்து

மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா என்று மூன்று பழங்குடிகள். செவ்விந்தியர் என்று நம் பாடப் புத்தகங்கள் சொன்னவர்கள். ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டு வாழ்ந்தார்கள். கரையில் மரம் இருந்தது. ஊற்றில் நல்ல நீர் இருந்தது. எல்போவுட்ஸ் என்ற ஊரில் ஆஸ்பத்திரியும் இருந்தது.

"எங்கள் நிலம் மூழ்க வேண்டாம். இதோ, அணைக்கு வேறு இடம் தருகிறோம். காசு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் ஏற்கவில்லை. சம்மதம் வாங்கும் முன்பே அணை வேலை தொடங்கிவிட்டது!

1948-ம் ஆண்டு மே மாதம். வாஷிங்டனில் ஒப்பந்தம். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் நிற்கும் பழங்குடித் தலைவர் ஜார்ஜ் ஜில்லட், கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அந்தப் போட்டோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

போனது 1,52,360 ஏக்கர். வெளியேறியது 325 குடும்பம். கிடைத்தது சுமார் ஒன்றேகால் கோடி டாலர். மேட்டு நிலத்துக்குப் போனார்கள். அங்கே பல இடங்களில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியவில்லை. பலர் தொலைவிலிருந்து வண்டியில் நீர் கொண்டுவந்தார்கள். கண்ணெதிரே கடல் போல ஏரி. குடிக்க நல்ல நீர் இல்லை! அக்கரையில் இருந்த உறவினரைப் பார்க்க, பல மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

சுருங்கிய பாசனம்

நிலம் கொடுத்ததற்குப் பாசனமாவது வந்ததா? 10 லட்சம் ஏக்கர் என்றார்கள். 1965-ல் சட்டம் அனுமதித்தது 2,50,000 ஏக்கர். வாய்க்கால் வெட்டும்போது கனடா எதிர்த்தது. ஒரு நதியின் நீர் மற்ற நதியில் கலந்தால், வேண்டாத மீனும் நோயும் தங்கள் நாட்டுக்கு வந்துவிடும் என்றது. அந்தப் பயம் நியாயமானதே. 1986-ல் இந்த அளவு சுமார் 1,30,000 ஏக்கர் ஆயிற்று. 2000-ல் வந்த சட்டத்தில் 75,480 ஏக்கர். கொடுத்த வாக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அணையால் பயனே இல்லை என்று சொல்வது அநியாயம். மின்சாரம் வருகிறது. கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்துக்கு முன்போல அஞ்ச வேண்டியதில்லை. பல ஊர்களுக்குக் குடிநீரும் போகிறது. ஆனால் பயன் ஒருவருக்கு, நஷ்டம் ஒருவருக்கு என்று ஆகிவிட்டதே, அதுதான் குற்றம்.

கொடுத்த பணம் போதாது என்று அரசாங்கம் அமைத்த குழுவே பிறகு சொன்னது. 1992-ல் அந்த மூன்று குடிகளுக்காக 14 கோடியே 92 லட்சம் டாலர் நிதி ஒதுக்கச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் 1948-ல் முதிர்ந்தவர்களாக இருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் காண உயிரோடு இருந்திருப்பார்கள்?

இப்போது மிசௌரி நீரைக் குழாய் வழியாகக் கிழக்கே பார்கோ முதலான நகரங்களுக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. வறட்சிக் காலத்துக்கு அது தேவைதான். போகட்டும். ஆனால் ஏரிக்கரை மேட்டில் ஒரு பழங்குடி வீட்டில் குழாய் இல்லை என்றால், முதல் குழாய் அங்கே போக வேண்டும். கணக்கில் அவர்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது.

மூழ்கிய ஆஸ்பத்திரிக்குப் பதிலாக எல்போவுட்ஸ் பெயரிலேயே புதிய மருத்துவ நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு 2011.