நிறமா, பிடிப்பா?

தூண்டில் கோலைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது நம்மூர் இளைஞர்களுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, எந்த கலர் பிரிசர்வர் வாங்கலாம்?" என்றுதான். வளையம் கட்டும் இடத்துக்கு என்றால் எதுவும் வேண்டாம் என்பேன். முகம் சுளிக்கிறார்கள். அதனால் காரணத்தை எழுதியே வைத்துவிடுகிறேன்.

கோலில் நரம்பு ஓடும் வளையங்களுக்குக் கால் உண்டு. அந்தக் காலைக் கோலோடு வைத்து நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே எபாக்சி பூசுகிறோம். எபாக்சி நூலுக்குள் இறங்கினால் நூலின் நிறம் மங்கிக் கறுத்துவிடும். பஜ்ஜி மடித்த காகிதம் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய் அங்கே பசை நிரம்புகிறது. அடியில் இருக்கும் கறுப்புக் கோல் தெரிகிறது. இதைத் தடுக்க, எபாக்சிக்கு முன்பே நூலுக்குள் இறங்கி வழியை அடைத்துக்கொள்ளும் திரவம்தான் கலர் பிரிசர்வர். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

வில்லங்கமும் அங்கேதான். எபாக்சி நூலை ஊடுருவி, வளையத்தின் காலையும் கோலையும் தொட்டுப் பிடிக்க வேண்டும். அதை வாசலிலேயே நிறுத்திவிட்டால் மேலே ஓர் அழகான ஓடுதான் மிஞ்சும். கடலில் கனமான ஈயம் கட்டி வீசும் கோலில் அந்த ஓட்டுக்குள் வளையம் அசையத் தொடங்கும். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு கோலில் இரண்டாவது வருடமே வளையம் திரும்பிக்கொண்டது. நூலின் நிறம் மட்டும் புதுசு போலவே இருந்தது!

நான் பிரெஞ்சில் படித்தவன். இந்தக் கட்டுக்கு அங்கே 'லிகத்தூர்' என்று பெயர். கட்டுவது என்பதுதான் அதன் பொருள், அலங்காரம் அல்ல. அலுவலகத்தில் ஃபைல் கட்டிய நாடாவை நிறம் பார்த்தா தேர்ந்தெடுத்தோம்? தாள் சிதறாமல் இருந்தால் போதும் என்றுதானே இருந்தோம்?

"பத்து வருடமாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் உண்டு. இருக்கலாம். சின்ன மீனுக்கான லேசான கோலில், கை பழகியவர் செய்தால் தாங்கும். புதிதாகக் கட்டுகிறவர் அப்படிச் செய்யமாட்டார். பிரிசர்வர் ஒரே சீராக இறங்காவிட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுக்கும். முழுதும் காயுமுன் எபாக்சி பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளுப்புப் படரும். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு நாள் காய்ச்சல் போதாது. இன்னொன்று: பெயரைப் பார்த்து இது வெயிலில் வெளுக்காமல் காக்கும் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். நூலை எபாக்சியிடமிருந்து காப்பதுதான் அதன் வேலை.

நிறம் வேண்டவே வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பிரிசர்வர் தேவைப்படாத 'என்சிபி' நூல் என்றே விற்கிறார்கள். எபாக்சி பட்டாலும் அவ்வளவாகக் கறுக்காது. ஜரிகை போன்ற மெட்டாலிக் நூலும் நிறம் மாறாது. சாதாரண நூல்தான் என்றால், உடைந்த கோல் துண்டில் நான்கு நிறங்களைச் சுற்றி எபாக்சி பூசிப் பாருங்கள். காய்ந்த பிறகு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். பிரிசர்வரைக் கைப்பிடிக்கு மேலே வரும் அலங்காரச் சுற்றோடு நிறுத்துங்கள். அங்கே வளையமும் இல்லை, சுமையும் இல்லை. தண்ணீர் கலந்த அக்ரிலிக் வகையை வாங்கி, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சுக் கொடுத்து, பொறுமையாகக் காயவிட்டால் போதும்.

மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்த பழைய கைகாரர்கள் பட்டு நூலைச் சுற்றி வார்னிஷ் பூசினார்கள். வெள்ளைப் பட்டு கண்ணாடியாகி, அடியில் மூங்கில் தெரியும். அவர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை, அழகு என்றார்கள். நூல் கறுத்தால் கறுக்கட்டும். மீன் இழுக்கும்போது வளையம் நின்ற இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாத புட்டிக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கமாட்டேன்.